டிடி பைக்: பொசிஷன் முதலா, பாட்டில் முதலா? சேலம் வெயில், ஏற்காடு மலை ரெண்டுக்கும் ஆலோசனை தேவை

கோரிமேட்டான்

வணக்கம். செகண்ட் ஹேண்டா ஒரு கார்பன் டிடி பைக் (டைம் ட்ரையல், அதாவது முன்னாடி குனிஞ்சு படுத்து ஓட்டுற ரேஸ் பைக்) வாங்கியிருக்கேன். 70.3 ட்ரையத்லான் போட்டிக்குத் தயாராகிறேன், அதாவது 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். வார நாளில் அயோத்தியாப்பட்டணம் தாண்டி வாழப்பாடி வரைக்கும் ஆத்தூர் ரோடு, ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு. ரோடு பைக் பழக்கம் உண்டு, ஏரோபார் (முன்கையை ஊன்றிப் படுத்து ஓட்டுற கைப்பிடி) புதுசு.

என் உயரம் 172 செ.மீ., உள்கால் (தொடை இடுக்கிலிருந்து தரை வரை) 81 செ.மீ., எடை 70 கிலோ. கிராங்க் (பெடலைத் தாங்குற கை) 172.5 மி.மீ., கியர் பல் முன்னாடி 52-36, பின்னாடி 11-28. பிபி (பாட்டம் பிராக்கெட், கிராங்க் சுழலுற அச்சு) நடுவிலிருந்து சாடில் மேல்பரப்பு வரை 74 செ.மீ. சாடில் மூக்கு பிபி-க்கு 6 செ.மீ. பின்னாடி இருக்கு. சாடிலை விட ஆர்ம் பேட் (ஏரோபாரில் முன்கை வைக்கிற மெத்தை) 14 செ.மீ. தாழ்வு. கார்பன் வீல், ரிம் பிரேக், 25 டயர், 120 பிஎஸ்ஐ காத்து. டவுன் டியூபில் (பிரேமின் சாய்ந்த கீழ்க் குழாய்) ஒரு பாட்டில், சாடிலுக்குப் பின்னாடி ரெட்டைக் கேஜில் (பாட்டில் தாங்கி) ரெண்டு.

பிரச்சினைகள்: அரை மணி நேரம் ஏரோவில், அதாவது ஏரோபாரில் படுத்தபடி, இருந்தாலே கழுத்தும் தோளும் பிடிச்சுக்குது. சாடிலில் முன்னாடி வழுக்கிக்கிட்டே வர்றேன், தொடை இடுக்கு மரத்துப்போகுது. பின் பாட்டில் வேகத்தடையிலயும் பாலத்து ஜாயின்டிலயும் எகிறி விழுது. டவுன் டியூப் பாட்டிலை எடுக்கணும்னா ஏரோவை விட்டு எழுந்திரிக்கணும், அதனாலேயே குடிக்கிறது குறைஞ்சு போகுது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஹேண்டில் ஆடுது.

முன்னாடி ஸ்ட்ரா வச்ச டேங்க் வாங்கலாமா, இல்ல சாதா பாட்டிலையே ஏரோபார் நடுவில் படுக்க வைக்கலாமா? முதலில் எதில் கை வைக்கணும்? இந்த ஊர் வெயிலுக்கு எவ்வளவு குடிக்கணும், இளநீர் போதுமா?

அஞ்சு எம்எம் எல்கீ

டேங்க் வாங்கற காசை இப்போதைக்கு கையிலேயே வச்சிருங்க தம்பி. பாட்டில் கடைசி வேலை. நீங்க சொன்ன ஆறு பிரச்சினையில் மூணு சாடிலும் பேடும் இருக்கிற இடத்தால வர்றது. பேட் நகர்ந்தா எக்ஸ்டென்ஷன் (ஏரோபாரில் முன்னாடி நீளுற ரெண்டு குழாய்) நகரும், அது நகர்ந்தா பாட்டில் இடமும் மாறும். இப்பவே கேஜைக் கட்டினீங்கன்னா ரெண்டு தடவை கட்டணும்.

சாடில் உயரத்திலிருந்து ஆரம்பிங்க. உள்கால் 81-ஐ 0.883-ஆல் பெருக்கினா 71.5 செ.மீ. இது பிபி நடுவிலிருந்து நீங்க உட்காருற இடம் வரைக்கும். இது ஆரம்பப் புள்ளிதான், முடிவான அளவு இல்லை. ஆனா உங்களது 74, அதாவது ரெண்டரை செ.மீ. கூடுதல். பெடல் கீழே போறப்ப கால் எட்டாம இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும், ஒவ்வொரு சுத்துக்கும் சாடில் மூக்கில் உரசும். மரத்துப்போறதுக்கு முதல் சந்தேகம் இதுமேலதான். டிரெய்னரில் (பைக்கை நிறுத்தி வச்சு ஓட்டுற ஸ்டாண்ட்) பைக்கை மாட்டி, இடுப்பு உயரத்தில் போனை வச்சு பக்கவாட்டில் வீடியோ எடுங்க. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் கோணம் 140-லிருந்து 148 டிகிரிக்குள் இருக்கணும். நேராக நீட்டின கால் 180-னு வச்சுக்கணும்.

அடுத்து முன்-பின். ரோடு பைக்கில் சீட் டியூப் கோணம் 73 டிகிரி பக்கம் இருக்கும். டிடி பைக்கில் 76 முதல் 80. முதுகைத் தாழ்த்தினாலும் தொடை வயித்தில் முட்டாம இருக்கத்தான் ஆளை முன்னாடி தள்ளி உட்கார வைக்கிறாங்க. நீங்க ரோடு பைக் இடத்தில் உட்கார்ந்துக்கிட்டு டிடி பைக் ஹேண்டிலை எட்டிப் பிடிக்கிறீங்க. உடம்பு தனக்கான இடத்தைத் தேடித்தான் முன்னாடி வழுக்குது. சாடில் மூக்கு பிபி-க்கு 2 செ.மீ. பின்னாடி வர்ற வரைக்கும் தள்ளுங்க, அதாவது 4 செ.மீ. முன்னேற்றம். ரெயிலில் அத்தனை இடம் இல்லைன்னா சீட்போஸ்ட் தலையைத் திருப்பி மாட்டற வசதி இருக்கான்னு பாருங்க. ரெயிலில் போட்டிருக்கிற கோட்டைத் தாண்டி கிளாம்ப் பிடிக்கக் கூடாது, கார்பன் ரெயில்னா நிச்சயமா கூடாது.

இங்கே ஒரு சூட்சுமம். சாடிலை முன்னாடி தள்ளினா பிபி-யிலிருந்து தூரம் குறையும், 4 செ.மீ.க்கு கிட்டத்தட்ட 1 செ.மீ. அதனால தள்ளி முடிச்சதும் மறுபடி அளந்து 71.5-க்குக் கொண்டு வாங்க. உயரத்தை மட்டும் முதலில் இறக்கிட்டு அப்படியே விட்டுட்டா முழங்கால் முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும்.

சாய்வுக்கு, சாடிலின் முன் பாதி மேல் ஒரு தடிமனான புத்தகத்தை வச்சு, அதன்மேல் போன் லெவல் ஆப்பை வைங்க. அதுக்கு முன்னாடி தரையை அளங்க. நம்ம வீட்டுத் தரை தண்ணி வழிய வாட்டம் விட்டுப் போட்டது, மொட்டை மாடி இன்னும் மோசம். சமமாகவோ, மூக்கு 1-2 டிகிரி கீழே இருக்கிற மாதிரியோ வைங்க. அதுக்கு மேல சாய்ச்சா வழுக்கல் கூடும், அந்த எடையெல்லாம் தோள் வாங்கும். உயரம், இடம், சாய்வு மூணும் சரியான பிறகும் மரத்துப்போனா அப்போ மூக்கு பிளந்த சாடில் வாங்குங்க. முதலிலேயே வாங்கினா எது தீர்த்து வச்சதுன்னு தெரியாது.

இப்போ பேட். 14 செ.மீ. தாழ்வு புது ஆளுக்கு ரொம்ப அதிகம். 9-10-ல் ஆரம்பிங்க. சாடிலை முன்னாடி தள்ளினதிலேயே 1 செ.மீ. குறைஞ்சதால, நிஜத்தில் அது இறங்குறது ஒன்றரை செ.மீ. பக்கம்தான். வித்தியாசம் 12.5 ஆயிடும், மீதிக்கு ரெண்டு பக்கமும் 2.5 செ.மீ. ஸ்பேசர் போதும். முழங்கை மூட்டு பேடில் உட்காரக் கூடாது. மூட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி, முன்கையின் சதைப்பிடிப்பான இடம் உட்காரணும். மேல்கைக்கும் முதுகுக்கும் நடுவே 90 டிகிரி அல்லது கொஞ்சம் கூடுதல், முழங்கைக் கோணம் 90-100. எக்ஸ்டென்ஷனை 10-15 டிகிரி மேல்நோக்கி வைங்க, முன்னாடி வழுக்குறதை அதுவும் கொஞ்சம் தடுக்கும். சரியா இருக்கான்னு பார்க்க விரல்களைத் தளர்த்திப் பாருங்க. கை கெட்டியாப் பிடிச்சாத்தான் நிக்க முடியுதுன்னா எடை எலும்பில் இல்லை, தசையில் இருக்கு. கழுத்து வலி அங்கிருந்துதான் கிளம்புது.

ஸ்பேசர் ஏத்துறவங்க மறக்கிற விஷயம் போல்ட். 2.5 செ.மீ. ஸ்பேசர் போட்டா பழசை விட 2.5 செ.மீ. கூடுதல் நீளமுள்ள போல்ட் வேணும். பழைய போல்ட் மூணு மரை பிடிச்சாலும் இறுகின மாதிரிதான் காட்டும், பள்ளத்தில் ஒருநாள் பேடோட கழண்டு வரும். சுத்தை எண்ணிப் பாருங்க: எம்6 போல்ட் ஒரு சுத்துக்கு 1 மி.மீ. உள்ளே போகும், எம்5 0.8 மி.மீ. எம்6-ல் எட்டு முழுச் சுத்து, எம்5-ல் பத்து, அதுக்குக் குறைஞ்சா போல்டை மாத்துங்க. கார்பன் பாகத்தில் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு அளக்கிற ஸ்பேனர்) இல்லாம கை வைக்காதீங்க. எத்தனை நியூட்டன் மீட்டர்னு கிளாம்பிலேயே பொறிச்சிருப்பாங்க, பெரும்பாலும் 5. சீட்போஸ்ட் நழுவினா இன்னும் முறுக்காதீங்க, கார்பன் பேஸ்ட் தடவுங்க. இன்சுலேஷன் டேப்பை போஸ்டில் ஒரு சுத்து ஒட்டி வச்சா நழுவுறது கண்ணுக்குத் தெரியும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், 5 மி.மீ. அளவில். ஏரோவில் 20 நிமிஷம் டிரெய்னர், அப்புறம்தான் ரோடு.

இன்னொண்ணு: ஏரோவில் இருந்தபடியே ஒரு வாய் தண்ணி உறிஞ்சி விழுங்க முடியுதாங்கறதையும் பிட்டிங்கில் (உடம்புக்கேத்தபடி பைக்கைச் சரிசெய்யறதில்) ஒரு அளவா எடுத்துக்கங்க. ரொம்பத் தாழ்ந்து படுத்தா கழுத்து மேல்நோக்கி மடங்கி விழுங்கவே கஷ்டமாகும், வயிறு நசுங்கி ஏப்பமும் எதுக்களிப்பும் வரும். ஜெல் (ஓட்டும்போது சக்திக்குச் சாப்பிடற மாவுச்சத்துக் கூழ்) ஒத்துக்கலைன்னு சொல்றவங்களில் பலருக்கு ஜெல் மேல தப்பே இருக்காது.

கோரிமேட்டான்

நன்றிண்ணா. பேடை உயர்த்தினா ஏரோ பலன் போயிடாதா? கிராங்க் மாத்தணுமா?

அஞ்சு எம்எம் எல்கீ

காத்தில் படற பரப்பு கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனா 14 செ.மீ. தாழ்வில் அரை மணி நேரம் படுத்து, மீதி ரெண்டரை மணி நேரம் பேஸ்பாரை (பிரேக் இருக்கிற குறுக்குக் கைப்பிடி) பிடிச்சு நிமிர்ந்து ஓட்டுறதை விட, 10 செ.மீ. தாழ்வில் மூணு மணி நேரமும் படுத்திருக்கிறது வேகம். உடம்பு பழகப் பழக ஸ்பேசரை ஒவ்வொண்ணா எடுங்க.

கிராங்க் இப்போ வேண்டாம். மேல் பக்கம் வர்றப்ப முழங்கால் நெஞ்சை நோக்கி வந்து இடுப்பு மடங்குற மாதிரி இருந்தா 165-க்கு மாறலாம். மாறினா சாடிலை அதே 7.5 மி.மீ. உயர்த்தணும், இல்லாட்டி கீழே கால் மடங்கியே நிக்கும்.

வாழப்பாடி வீலர்

பாட்டில் பக்கம் நான் சொல்றேன்.

உங்களுக்கு சாதா பாட்டிலைப் படுக்க வைக்கிறதுதான் சரி. ஒரு சைடு பிடிமானமுள்ள பிளாஸ்டிக் கேஜ், நாலு ஜிப் டை, பழைய டியூப் துண்டு, முடிஞ்சது செலவு. எக்ஸ்டென்ஷன் ரெண்டும் 22.2 மி.மீ. குழாய். டியூபை ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி குழாய் மேல் சுத்துங்க, இல்லாட்டி ஜிப் டை வியர்வையில் வழுக்கி கேஜ் சுழலும். கேஜின் வாய் உங்களைப் பார்த்து இருக்கணும். முன் பக்கம் ரெண்டு டை, பின் பக்கம் ரெண்டு, தலைப்பகுதி கீழ்ப்பக்கமா வர்ற மாதிரி. வால் துண்டை நெயில் கட்டரால் ஒட்ட வெட்டுங்க, இல்லாட்டி முன்கையைக் கீறி வச்சிரும்.

சைக்கிள் பாட்டில் விட்டம் 74 மி.மீ. பக்கம். ரெண்டு முன்கைக்கும் நடுவே 9-10 செ.மீ. இடைவெளி இருந்தாத்தான் விரலை விட்டு இழுக்க முடியும். பேடை ரொம்ப நெருக்கி வச்சிருக்கிறவங்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

எக்ஸ்டென்ஷனை மேல்நோக்கிச் சாய்க்கச் சொல்லியிருக்காரு, நல்லது. ஆனா அப்போ பாட்டில் வாய் தாழ்வாயிடும். ரெண்டு விளைவு: குலுங்கக் குலுங்க பாட்டில் உங்களை நோக்கி வழுக்கி வரும், வால்வு சரியா மூடலைன்னா தண்ணி ஹெட்செட் (ஹேண்டில் திரும்புற இடத்துப் பேரிங்) மேல சொட்டும். முதலுக்கு, டியூபில் வெட்டின ரப்பர் வளையத்தை கேஜின் ரெண்டு தாடையையும் சேர்த்து மாட்டுங்க. ரெண்டாவதுக்கு, தானா மூடிக்கிற வால்வு உள்ள பாட்டில் வாங்குங்க. பல்லால் இழுத்துத் திறக்கிற ரகம் இந்த இடத்துக்கு ஆகாது.

ஸ்ட்ரா டேங்கும் மட்டமில்லை. ரேஸில் எய்ட் ஸ்டேஷனில் (வழியில் தண்ணி கொடுக்கிற இடம்) கொடுக்கிற பாட்டிலை ஓட்டிக்கிட்டே கவிழ்த்து ஊத்திக்கலாம், கையை எடுக்காம குடிக்கலாம். கண்ணெதிரே ஸ்ட்ரா ஆடிக்கிட்டிருந்தா குடிக்க மறக்கவும் மறக்காது. தொல்லை என்னன்னா, மூடி வலை சரியில்லாத டேங்க் பள்ளத்தில் முகத்தில் தெளிக்கும், ஸ்ட்ரா நீளமா இருந்தா காத்தில் படபடக்கும். ஏரோவில் படுத்து, தலையைத் தூக்காம தாடையை மட்டும் இறக்கினா உதடு தொடற நீளம் வேணும். 5 மி.மீ. 5 மி.மீ.யா வெட்டிப் பாருங்க, ஒரேயடியா வெட்டினா திரும்ப ஒட்ட முடியாது. சர்க்கரைத் தண்ணி ஊத்தின டேங்கை வெயிலில் நிறுத்தி வச்சா அன்னைக்கே புளிச்ச வாடை வரும். ஸ்ட்ரா உள்ளே போற சின்ன பிரஷ் இல்லாம அதை வாங்காதீங்க.

பின் பாட்டில் எகிறுறதுக்கு வருவோம். பின் சக்கரம் மேட்டில் ஏறி இறங்குறப்ப சாடிலுக்குப் பின்னாடி நீட்டிக்கிட்டிருக்கிற பாகம் சாட்டை நுனி மாதிரி சுண்டும். அதில் செங்குத்தா நிக்கிற முக்கால் கிலோ பாட்டில் மேலே கிளம்பத்தானே செய்யும்? அதோட 120 பிஎஸ்ஐ வேற. 70 கிலோ ஆளுக்கு 25 டயரில் 85-90 போதும். பிரேமும் பிரேக்கும் 28-க்கு இடம் கொடுத்தா 75-80. காத்தைக் குறைச்சாலே பாதி எகிறல் நிக்கும். மீதிக்கு, கேஜைக் கொஞ்சம் படுத்தவாக்கில் பின்னாடி சாய்ச்சு வைங்க. பாட்டில் கழுத்துப் பள்ளத்தில் கேஜின் நாக்கு கச்சிதமா உட்காருதான்னு பாருங்க. கேஜ் போல்டில் நீல நிற லாக்டைட் (போல்ட் கழலாம இருக்கத் தடவுற பசை) ஒரு சொட்டு.

என்னைக் கேட்டா ரெட்டைக் கேஜில் ஒண்ணைக் கழட்டிடுங்க. ஒரு பக்கம் ஸ்பேர் டியூப், லீவர், பம்ப் போட்ட டப்பா, இன்னொரு பக்கம் பாட்டில். எதை இழந்தா அதிகம் கஷ்டம்னு யோசிச்சா டப்பாவுக்குத்தான் ரெண்டு ஸ்ட்ராப் கூடுதலா போடுவீங்க. பின்னாடி விழுற பாட்டில் உங்க பிரச்சினை மட்டும் இல்லை, பின்னாடி வர்ற டூவீலர்காரர் உயிர்ப் பிரச்சினை.

உப்பும் தண்ணியும்

எவ்வளவு குடிக்கணும்னு பொதுவா ஒரு எண் சொன்னா அது தப்பாத்தான் இருக்கும். அளந்து பாருங்க, சுலபம்தான். நீங்க வழக்கமா ஓட்டுற நேரத்தில், ரேஸ் வேகத்தில் ஒரு மணி நேரம். முன்னாடி துணியில்லாம எடை, முடிச்சு வியர்வையைத் துடைச்சிட்டு துணியில்லாம எடை. குறைஞ்ச கிலோவோட குடிச்ச லிட்டரைக் கூட்டுங்க, நடுவில் சிறுநீர் போயிருந்தா அதைக் கழிங்க. உதாரணமா 70.0 கிலோ 68.9 ஆகி, நடுவில் 500 மி.லி. குடிச்சிருந்தா மணிக்கு 1.6 லிட்டர் வியர்வை. மார்கழி விடியற்காலை அளந்ததை வச்சு சித்திரையில் ஓட்டாதீங்க, ரெண்டு பருவத்திலும் தனித்தனியா அளக்கணும்.

போன அத்தனையையும் திரும்ப ஊத்த முடியாது. ஓட்டும்போது வயிறு மணிக்கு 800-1000 மி.லி. வரைக்கும்தான் கீழே அனுப்பும், சிலருக்கு அதுவும் இல்லை. மேலே சொன்ன கணக்கில் மூணு மணி நேரத்துக்கு 4.8 லிட்டர் போகும். மணிக்கு 900 குடிச்சா 2.7 லிட்டர் உள்ளே. பாக்கி 2.1, அதாவது உடம்பு எடையில் 3 சதவீதம். இது தாங்கக்கூடியதுதான், ஆனா அடுத்து 21 கி.மீ. ஓடணும், அதனால இதுக்கு மேல கடன் வைக்காதீங்க. எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு: வெறும் தண்ணியை வியர்வைக்கு மேல குடிச்சா ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம்னு வந்து உயிருக்கே வம்பாகும். ஓட்டி முடிச்சதும் எடை கூடியிருந்தா அதிகமாக் குடிச்சிட்டீங்கன்னு அர்த்தம்.

மணிக்கு 900-ன்னா பத்து நிமிஷத்துக்கு 150 மி.லி., சுமார் நாலு வாய். சைக்கிள் கம்ப்யூட்டரில் பத்து நிமிஷ அலாரம் வைங்க. தாகத்தை நம்பினா ஏரோவில் தலை குனிஞ்சு போறப்ப மறந்தே போகும்.

வீட்டில் கலக்கறதுக்கு: 750 மி.லி. தண்ணி, 45 கிராம் சர்க்கரை, 1.5 கிராம் தூள் உப்பு, அரை எலுமிச்சை. உப்பு கால் டீஸ்பூன் அளவு வரும். முதல் தடவை சமையலறைத் தராசில் போட்டுப் பாருங்க, கல்லுப்பு வேற கணக்கு. ஒரு கிராம் உப்பில் கிட்டத்தட்ட 390 மி.கி. சோடியம், ஆக லிட்டருக்கு 780 மி.கி. பக்கம் வரும். பெரும்பாலானவங்களுக்கு லிட்டருக்கு 500 முதல் 1000 வரை சரிப்படும். ஓட்டி முடிச்ச பிறகு கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையா உப்பு பூத்திருந்தா மேல் எல்லைக்குப் போங்க. சர்க்கரை 6 சதவீதம்தான், வயித்துக்கு லேசு. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து எட்டணும்னா மீதியை ஜெல்லோ வாழைப்பழமோ ஈடு கட்டும்.

மருந்துக்கடை ஓஆர்எஸ் வயித்துப்போக்குக்குச் செய்தது. உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படி லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. சோடியம் 1700 மி.கி.க்கு மேல, சக்தி ரொம்பக் கம்மி. ஓட்டி முடிச்சுக் குடிக்க அருமை, ஓட்டும்போது அது மட்டும் போதாது.

இளநீர் நேர் எதிர். பொட்டாசியம் நிறைய, வியர்வையில் போற அளவுக்குச் சோடியம் இல்லை. அயோத்தியாப்பட்டணத்தில் நிறுத்தி ஒண்ணு குடிக்கிறதுக்கு யாரும் தடை சொல்லலை, கூட ஒரு சிட்டிகை உப்பு நாக்கில் வச்சுக்கங்க. பாட்டிலில் ஊத்தி வெயிலில் எடுத்துட்டுப் போகாதீங்க, புளிச்சிடும். மோரும் அப்படித்தான்.

ரத்த அழுத்தம், சிறுநீரகம், சர்க்கரை தொந்தரவு உள்ளவங்க இந்த உப்பு-சர்க்கரைக் கணக்கைத் தங்கள் டாக்டரிடம் கேட்டுட்டுத்தான் தொடணும்.

வாழப்பாடி வீலர்

மேலே சொன்னதோட பாட்டில் இடத்தையும் சேர்த்துச் சொல்லிடறேன். சர்க்கரைத் தண்ணியை முன் பாட்டிலில் வைக்காதீங்க, அங்கே வெறும் தண்ணி. கலவை டவுன் டியூபில் அல்லது பின்னாடி. காரணம் ரெண்டு: முன் பாட்டில் சொட்டினா ஹெட்செட்டில் விழுது, வெறும் தண்ணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தா தலையிலும் ஊத்திக்கலாம்.

வெயில் நாளில் ஒரு பாட்டிலை முந்தின ராத்திரி ஃப்ரீசரில் படுக்கப் போடுங்க, முக்கால் பாகம் மட்டும் நிரப்பி. உறையும்போது பத்தில் ஒரு பங்கு பெருகும், முழுசா நிரப்பினா பாட்டில் உப்பி கேஜில் நுழையாது. உறைஞ்சதைப் பின்னாடி வைங்க, முன் பாட்டில் காலியாகிற நேரத்துக்கு அது உருகியிருக்கும், அப்போ ரெண்டையும் மாத்திக்கலாம்.

முன்னாடி, பின்னாடி, சட்டைக்குள்ளே எவ்வளவு தண்ணி வைக்கலாம்ங்கறதுக்கு ரேஸுக்கு ரேஸ் விதி இருக்கு, மாறிக்கிட்டும் இருக்கு. புக் பண்ணின ரேஸோட அந்த வருஷ விதிப்புத்தகத்தைப் பார்த்துட்டு துளை போடுங்க.

இருபதாவது கொண்டை ஊசி

ஏற்காட்டைப் பத்தி யாரும் பேசலையே. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி, ஆயிரம் மீட்டருக்கு மேல ஏற்றம். இதுக்காக பொசிஷனை மாத்தாதீங்க. உங்க ரேஸ் சமவெளியில்னா பொசிஷனும் சமவெளிக்குத்தான். மலையில் பேஸ்பாரைப் பிடிச்சு, சாடிலில் கொஞ்சம் பின்னாடி தள்ளி உட்கார்ந்து ஏறுங்க. மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஏரோவில் படுத்தா காத்தில் மிச்சமாகறது ஒண்ணுமில்லை, மூச்சுதான் முட்டும்.

36-28 கியர் உங்களுக்குக் கனமா இருக்கும். 11-32 கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) போட உங்க பின் டிரெய்லியர் (செயினை நகர்த்தி கியர் மாத்துற பாகம்) எத்தனை பல் தாங்கும்னு பார்த்துட்டு மாத்துங்க, செயினும் நீளமா வேண்டியிருக்கும். முழங்கால் வலிக்க வலிக்க நிமிஷத்துக்கு 50 சுத்தில் ஏறுறதில் பெருமை எதுவும் இல்லை.

மலைக்குப் போற அன்னைக்கு முன் பாட்டிலைக் கழட்டிடுங்க. மெதுவா ஏறுறப்ப ஹேண்டில் மேல முக்கால் கிலோ நின்னா வளைவில் ஹேண்டில் தானா மடங்கப் பார்க்கும். ஏறும்போது நிமிர்ந்துதான் இருக்கீங்க, டவுன் டியூப் பாட்டிலை எடுக்க ஒரு சிரமமும் இல்லை. மேலே போய் நிரப்பிக்கலாம், அதனால ரெண்டு பாட்டிலைச் சுமந்து ஏறவும் வேண்டாம்.

இறக்கத்தில் ஹேண்டில் ஆடுறதுக்கு முதலில் ஹெட்செட்டைப் பாருங்க. முன் பிரேக்கை அழுத்திக்கிட்டு பைக்கை முன்னும் பின்னும் ஆட்டுங்க, ஹெட் டியூப் பக்கம் விரலை வச்சா டக்குனு ஆட்டம் தெரியும். இருந்தா ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடிச்சிருக்கிற பாகம்) பக்கவாட்டு போல்டைத் தளர்த்தி, மேல் மூடி போல்டால் ஆட்டத்தை எடுத்து, அப்புறம் ஸ்டெம்மை இறுக்கணும். ஹெட்செட் சரியா இருந்தா சந்தேகம் உங்க கை மேல. பயத்தில் முழங்கையைப் பூட்டிப் பிடிச்சா ஆட்டம் கூடும். ஆட ஆரம்பிச்சா ரெண்டு முழங்காலாலும் டாப் டியூபைக் கவ்வுங்க, பின்பக்கத்தைச் சாடிலிலிருந்து லேசாத் தூக்குங்க, பின் பிரேக்கை மெதுவா பிடிங்க.

டிடி பைக்கில் பிரேக் பேஸ்பாரில்தான் இருக்கு. அதனால இறக்கம் முழுக்க கை அங்கேதான், ஒரு நேர் ரோட்டுக்காகக்கூட ஏரோவுக்குப் போகாதீங்க. மெக்கானிக்கல் ஷிஃப்டர் எக்ஸ்டென்ஷன் நுனியில் இருக்கும். வளைவுக்கு முன்னாடியே கியரை மாத்திட்டு கையைத் திருப்பிக்கணும். பிரேக்கை வளைவுக்கு முன்னாடி நேரா இருக்கும்போதே பிடிச்சு, வளைவில் விட்டுடுங்க. வெளிப்பக்க பெடல் கீழே. கண்ணு வளைவு முடியிற இடத்தில். மேலேறி வர்ற பஸ் கொண்டை ஊசியில் முழு ரோட்டையும் எடுக்கும், அதுக்கு வேற வழியும் கிடையாது. ஹார்ன் சத்தம் கேட்டா வளைவுக்கு முன்னாடியே ஓரம் கட்டி நின்னுடுங்க.

கார்பன் ரிம் பிரேக்கைத் தொடர்ந்து தேய்ச்சுக்கிட்டே இறங்காதீங்க. சூடு ஏறி ரிம் உப்பும், டியூப் வெடிக்கும். பலமா, குறுகலா பிடிச்சு விடுங்க, நடுவில் ஒரு இடத்தில் நின்னு ஆற விடுங்க. கார்பனுக்கான பிரேக் கட்டைதானான்னும் பாருங்க, அலுமினிய ரிம் கட்டை போட்டிருந்தா உடனே கழட்டுங்க. மலைக்குன்னு தனியா அலுமினிய வீல் ஒரு ஜோடி இருந்தா இந்தத் தலைவலியே இல்லை.

டாப் டியூபில் ஜெல்லை டேப் போட்டு ஒட்டறதும், மூடியில்லாத பையில் வாழைப்பழம் நீட்டிக்கிட்டிருக்கிறதும் ஆத்தூர் ரோட்டோட போகட்டும். கொண்டை ஊசிக் குரங்குகளுக்கு அது என்னன்னு நல்லாவே தெரியும். ஜிப் வச்ச பை, இல்லாட்டி சட்டைப் பின்பாக்கெட்.

கோரிமேட்டான்

எல்லாருக்கும் நன்றிங்க. சாடில், பேட், காத்து, அப்புறம் முன் பாட்டில்னு இந்த வரிசையிலேயே செய்யறேன். ஒரே கேள்வி: ஹெட்செட்டில் தண்ணி சொட்டும்னு வாழப்பாடி வீலர் ரெண்டு தடவை சொல்லியிருக்காரு. சொட்டினா என்ன பண்றது?

அஞ்சு எம்எம் எல்கீ

தண்ணியை விட வியர்வைதான் பெரிய எதிரி தம்பி. ஏரோவில் படுத்தா நெத்தியிலிருந்து சொட்டுறது நேரா ஸ்டெம், பேட் போல்ட், மேல் பேரிங் மேலதான். உப்பும் சர்க்கரையும் காய்ஞ்சு போல்ட் தலைக்குள்ளே இறுகி உட்கார்ந்துடும், ஆறு மாசம் கழிச்சு எல்கீ விட்டா முனை மழுங்கி சுத்தும்.

ஓட்டிட்டு வந்ததும் ஒரு மக் வெறும் தண்ணியை அந்த இடத்தில் மெதுவா ஊத்துங்க, பிரஷர் வாஷர் வேண்டாம். துணியால் துடைங்க. பேடை உரிச்சு எடுத்துத் தனியா அலசிக் காயப் போடுங்க, அடியில் இருக்கிற வெல்க்ரோவில்தான் உப்பு தங்கும். மாசத்துக்கு ஒருமுறை பேட் போல்டை ஒவ்வொண்ணா கழட்டி, மரையில் கிரீஸ் தடவித் திரும்ப அதே டார்க்கில் பூட்டுங்க. ஒண்ணு முடிச்சிட்டு அடுத்தது, நாலையும் சேர்த்துக் கழட்டினா அளவு போயிடும். வெயில் காலம் முழுக்க ஓட்டினீங்கன்னா மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஃபோர்க்கை இறக்கி மேல் பேரிங்கைக் கையில் சுத்திப் பாருங்க. சொரசொரன்னு இருந்தா கழுவிப் பார்க்க வேண்டாம், மாத்திடுங்க. பேரிங் பக்கத்திலேயே அளவு எழுதியிருக்கும், கடைக்குப் போகும்போது பழசையும் கையில் எடுத்துட்டுப் போங்க.